ஒளிநாடாவில் ஓர் இலங்கை: டுரான் டுரான் பாடற்படத் தொகுப்பு பற்றிய ஒரு நோக்கு

மேலைத்தேய றொக் இசை பற்றித் தமிழில் எழுதுவோர் பலர் அதனை இளைஞரின் சீரழிவு என ஒரு வாக்கியத்தில் ஒதுக்கிவிட்டு அப்பாற் செல்வது வழக்கம். ஒதுக்குவது எளிது, ஆராய்வதே கடினம். அதிலும், அவ்விசையின் புகழ்பெற்ற ஒளிநாடாத் தொகுப்பொன்று இந்த இலங்கைத் தீவையே தன் அரங்காகக் கொண்டிருக்கையில், அதனைப் பாராமுகமாக விட்டுவிடுதல் விமர்சனத்துக்கு அழகன்று.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் 1978 இல் தோன்றிய டுரான் டுரான் என்னும் குழுவினர், தமது பாடற்படங்கள் பதினொன்றைத் திரட்டி 1983 இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட வீட்டு ஒளிநாடாவாக வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் அது சிறந்த ஒளிநாடாத் தொகுப்புக்கான கிராமி விருதினைப் பெற்றது. பாடற்படம் என்பது இசைத்தட்டை விற்பதற்கான விளம்பரமாகவே பிறந்தது. 1981 ஓகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்காவில் எம்.ரீ.வி. ஒளிபரப்பைத் தொடங்கியதும் அவ்விளம்பரத்துக்கு நாள் முழுவதும் இடம் கிடைத்தது. ஒளிநாடாவோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. பொருளை விற்க எடுத்த விளம்பரமே தனியொரு பொருளாகி விலைக்கு வந்தது! மூலதனத்தின் இந்தச் சாமர்த்தியத்தை வியக்காதிருக்க முடியவில்லை. எனினும், ஒளிநாடா பார்ப்பவன் கைக்கும் ஓர் அதிகாரத்தை அளித்தது. அவன் நாடாவைப் பின்னோக்கிச் சுழற்றலாம். ஒரு சட்டத்தில் நிறுத்தி, அதில் யார் நிற்கின்றனர், யார் நிற்கவில்லை என உற்று நோக்கலாம். இக்கட்டுரை செய்ய முயல்வதும் அதுவே.

தொகுப்பின் பதினொன்றும் ஒரே தரத்தன அல்ல. கொட்லி, கிறீம் இருவரும் இயக்கிய 'கேர்ள்ஸ் ஒன் ஃபிலிம்' பெண்ணுடலைக் கடைச்சரக்காக்கி, அதனை நையாண்டி என்று சொல்லித் தப்பிக்கும் ஒன்று. அதுபற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அன்ரிகுவாத் தீவில் எடுக்கப்பட்ட 'றியோ' பாய்மரப் படகும் பட்டுச் சட்டையுமாகச் செல்வத்தின் விடுமுறையைக் கொண்டாடுகிறது. கவனத்துக்குரியவை இலங்கையில் உருவானவை. 1982 ஏப்ரலில் அவுஸ்திரேலிய இயக்குநர் றசல் மல்கேஹி குழுவினரோடு இங்கு வந்து எடுத்தவற்றுள் 'ஹங்றி லைக் த வூல்ஃப்', 'சேவ் எ பிரேயர்' ஆகிய இரண்டும் தலையாயவை.

முதலாவதில் கதை என்று ஒன்றிருந்தால் அது வேட்டை. வெள்ளை இளைஞன் சந்தையில் அலைகிறான், மேசையைக் கவிழ்க்கிறான், ஆற்றுநீரிலிருந்து அவன் முகம் மெல்ல எழுகிறது, காட்டினூடே ஒரு கருநிறப் பெண்ணைத் துரத்துகிறான். அவள் விலங்குபோல் சாயம் பூசப்பட்டு, பேச்சின்றி, பெயரின்றி ஓடுகிறாள். ஹொலிவூட்டின் புதையல் வேட்டைப் படங்களின் சாயல் இதில் வெளிப்படை. அதன் தாளவேகத்தையும் படத்தொகுப்பின் துடிப்பையும் மறுப்பதற்கில்லை. சிந்தெசைசரின் சுருதியோடு வெட்டுக்கள் இசையும் இடங்கள் திறமையானவை. ஆயின் அத்திறமை எதற்குப் பயன்பட்டது? சந்தையில் நிற்கும் மனிதர் அனைவரும் ஒருவனது ஓட்டத்துக்குக் குறுக்கே வரும் தடைகளாகவே எஞ்சுகின்றனர். உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு எனப் பிரித்துப் பாராட்டுவோர்க்கு இப்படம் ஒரு நல்ல பாடம்.

'சேவ் எ பிரேயர்' வேறு வகையானது. இங்கு கமெரா பொறுமை காக்கிறது. தென்கரைக் கடல், வானிலிருந்து காணும் சிகிரியாக் குன்று, பொலன்னறுவையின் கல்விகாரைச் சிலைகள் என அது நகரும் நிதானம் பாடலின் மெல்லிய ஏக்கத்தோடு பொருந்துகிறது. சயனநிலையிலுள்ள அந்தப் பெருஞ்சிலையின் முன் பாடகன் சைமன் லெ பொன் சிறுத்துத் தோன்றும் கணத்தில், தொகுப்பு முழுவதிலும் வேறெங்கும் இல்லாத ஓர் அடக்கம் கைகூடுகிறது. இதனைத் தொகுப்பின் மிகச் சிறந்த படைப்பெனக் கூறத் தயங்க வேண்டியதில்லை. ஓர் இரவின் உறவைப் பற்றிய பாடலுக்குப் புத்தரின் மௌனம் எவ்வகையில் உரியது என்ற வினா மட்டும் தொக்கி நிற்கிறது.

இந்தப் பார்வை 1982 இல் பிறந்ததன்று. 1934 இல் பசில் றைற் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தை இங்கு ஒப்புநோக்கலாம். இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் எடுக்கப்பட்ட அப்படமும் புத்தரில் தொடங்கிக் கல்விகாரையின் வழிபாட்டில் நிறைவு காண்கிறது. 1681 இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூல்வரிகளை லயனல் வென்ற் அதிலே வாசிக்கிறார். ஆனால் 'வர்த்தகத்தின் குரல்கள்' என்னும் அதன் மூன்றாம் பகுதியில், உழைப்பின் காட்சிகள்மீது சந்தை விலைகளும் வணிகச் செய்திகளும் ஒலியாகக் கவிந்து செல்கின்றன. ஏகாதிபத்தியத்தின் விளம்பரப்படமே எனினும், இந்நாடு ஓர் உலகச் சந்தையின் கணக்கேட்டில் இருப்பதை அது மறைக்கவில்லை. அரைநூற்றாண்டின் பின்னர் வந்த மல்கேஹியின் படங்களில் அந்தக் குரல்கள் முற்றாக அடங்கிவிட்டன. காடு உண்டு, கடல் உண்டு, யானை உண்டு, சிலை உண்டு. தேயிலை மலை இல்லை.

லிந்துலையிலிருந்து நோக்குவோர்க்கு இவ்வின்மை சிறிய விடயமன்று. இத்தீவுக்கு உலகில் பெயர் தேடித்தந்த பொருள் இம்மலைகளிலேயே விளைந்தது. அதைப் பறித்தவரோ 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டவர். குழுவினர் வந்திறங்கிய ஆண்டிலும் அவருட் பலருக்கு எந்நாட்டுக் குடியுரிமையும் இருக்கவில்லை. லக்ஷபானவில் 1950 முதல் மலையகத்து நீர் மின்சாரமாகியும், எண்பதுகளில் பெரும்பாலான லயங்களுக்கு விளக்கொளி எட்டவில்லை. உள்ளூரில் ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியபோதும் நிலை அதுவே. அமைதியின் உறைவிடமாக இத்தீவைக் காட்டிய அந்த நாடா கடைகளுக்கு வந்த ஆண்டும் 1983 தான். அவ்வாண்டு யூலையில் இங்கு எரிந்தவை எவையென்பது யாவரும் அறிந்ததே. படப்பிடிப்பு நடந்தது அதற்கு முந்திய ஆண்டில். வந்து போன பாடகரிடம் தீர்க்கதரிசனம் எதிர்பார்ப்பது நியாயமன்று. எனினும் ஒரு நாட்டின் மனிதர் பேச்சிழந்து பின்னணியாகும்போது, அழகு எதனை விலக்கிப் பெறப்பட்டது எனக் கேட்பது விமர்சகனின் உரிமை.

அக்கேள்வியைப் பிறரிடம் மட்டும் தொடுப்பது நேர்மையாகாது. பாட்டொன்று தொடங்கியதும் நாயகனும் நாயகியும் ஊட்டிக்கோ மூணாறுக்கோ பறந்து, தேயிலைச் செடிகளிடையே ஓடிப்பிடித்து விளையாடுவதைத் தமிழ்ப் பார்வையாளர் தலைமுறை தலைமுறையாக இரசித்து வந்துள்ளனர். அச்செடிகளைப் பறிப்பவள் எங்கே என அவர்கள் கேட்டதில்லை. கூடை சுமந்து அவள் வந்தாலும் நாயகியின் பின்னால் வரிசையில் ஆடவே வந்தாள். 1978 இல் சிவாஜி கணேசன் நடித்த 'பைலட் பிரேம்நாத்' இலங்கையிலேயே படமாக்கப்பட்டது; அதற்கும் இத்தீவு பெரும்பாலும் காட்சிப்பொருளே. மறுபுறம், தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' 1975 இல் தோட்ட வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. தொழில்நுட்பத்தில் அது மல்கேஹியின் பக்கத்திற்கூட நிற்காது. ஆனால் அதிலே மலையக மனிதன் வாய் திறந்து பேசினான்.

வீட்டு ஒளிநாடா மலைநாட்டுக்கும் பிந்தி வந்து சேர்ந்தது. அங்கே எடுக்கப்பட்ட திருமண நாடாக்களில் மணமக்கள் பச்சைச் சரிவில் நடக்க, சென்னைப் படப்பாடல் மேலே ஒலித்தது. லயத்தின் தகரக்கூரை சட்டத்துள் விழாதவாறு கமெரா சற்றே திருப்பப்பட்டது. வீட்டார் விருப்பமும் அதுவாகவே இருந்தது. மல்கேஹியின் கமெரா திரும்பிய திசைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. திருவிழா நாடாக்கள் அவ்வாறல்ல. படத்தொகுப்புக்குப் பணமின்றி, கமெராவை ஓரிடத்தில் ஊன்றி, காமன்கூத்தை விடிய விடிய அப்படியே பதிந்தவை அவை. மூடுபனியில் படம் மங்கும். தப்பின் அதிர்வில் ஒலிவாங்கி பிளிறும். குறுக்கே யாராவது நடந்து போவர். மூன்று விநாடிக்கொரு வெட்டுக்குப் பழகிய கண் சலித்துப்போகும். ஆயினும் அந்நாடாவை எந்த இடத்தில் நிறுத்தினாலும் சட்டம் நிறைய மனிதர் நிற்கின்றனர். அவர்களுள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கத்தக்கவர் பார்வையாளரிடையே இருக்கின்றனர்.