வாயை மூடிக்கொண்டு பார்ப்பது

கேம் செய்பவர்களுக்கு ஒரு கஷ்டமான வேலை உண்டு. வேறொருவர் ஆடுவதைப் பின்னால் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்ப்பது. பெயர் பிளேடெஸ்ட். நண்பர்களோடு சேர்ந்து சின்னதாக ஒரு பஸல் பிளாட்ஃபார்மர் செய்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. என் சித்தி மகன் பத்து நிமிடம் ஒரே சுவரில் முட்டிக்கொண்டிருந்தான். இழுக்க வேண்டிய நெம்புகோல் திரையின் மேல் மூலையில் இருந்தது. "அண்ணே, கேம் ஜாம் ஆயிடுச்சா?" என்றான். "மேல பாருடா" என்று சொல்லிவிட்டேன். அந்த நொடியே சோதனை கெட்டது. ஆடுகிற எல்லார் பின்னாலும் நான் போய் உட்கார முடியாதே.

பிறகு 'போர்ட்டல்' கேமை மறுபடி ஆடினேன். 2007இல் வால்வ் நிறுவனம் வெளியிட்டது. சுவர்களில் இரண்டு வாசல்களைத் திறந்து, ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளிவந்து புதிர்களைக் கடக்க வேண்டும். உருவாக்கியவர்களின் விளக்கவுரையும் கேமுக்குள்ளேயே இருக்கிறது. 17ஆம் அறையில் ஒரு பெட்டியை வழிநெடுகக் கொண்டுபோக வேண்டும். சோதனைக்கு ஆடியவர்கள் அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய், பின்னால் மாட்டிக்கொண்டார்கள். எச்சரிக்கைப் பலகை ஒன்று மாட்டியிருக்கலாம். அவர்கள் பெட்டியின் மேல் ஓர் இதயத்தை வரைந்தார்கள். அறையை நடத்தும் கணினிக் குரல் அதை உங்கள் துணை என்று அறிமுகம் செய்கிறது. கடைசியில் அதே குரல் அதை உலையில் போட்டு எரிக்கச் சொல்கிறது. எரிக்காமல் கதவு திறக்காது. அங்கே உலையை இயக்கக் கற்றவர்தான் இறுதிச் சண்டையில் எதிரியின் பாகங்களை எரிக்க முடியும். ஆட்டக்காரரின் மறதியைச் சரிசெய்யப் போனது, கேமிலேயே அதிகம் வலிக்கும் இடமாகிவிட்டது.

இப்படி ஆளாளுக்குக் காட்டித் திருத்தினால் படைப்பு மொண்ணையாகிவிடாதா? நியாயமான கேள்வி. 'போர்ட்டல்' ஒவ்வொரு அறையிலும் ஒரு பாடம் நடத்துகிறது. தொடக்க அறைகள் சிலவற்றில் நான் யோசிக்கவே இல்லை. கைப்பிடித்து நடத்தப்பட்டேன்.

எதிர்முனையில் இருப்பது ஜொனத்தன் புளோவின் 'பிரெய்ட்', 2008. விடை கேட்டு வருகிறவர்களுக்கென்று அவர் வெளியிட்ட வழிகாட்டியே, நீங்களே கண்டுபிடியுங்கள் என்றுதான் சொல்கிறது. ஆனால் அவர் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. தவறினால் எவ்வளவு தூரமும் காலத்தைப் பின்னோக்கித் திருப்பலாம். திருப்பலுக்குக் கட்டுப்படாத பொருள்கள் பச்சையாக மினுங்கும். பார்க்க வேண்டியதெல்லாம் கண்முன் இருக்கிறது, புரிந்துகொள்வது மட்டும் நம் பாடு.

ஆக, கஷ்டம் இரண்டு வகை. கண்ணில் படாத கஷ்டம் வடிவமைப்பாளரின் பிழை. புத்திக்குப் பிடிபடாத கஷ்டம்தான் புதிர். முதலாவதைக் களைந்து இரண்டாவதைக் காப்பதற்குத்தான் பிளேடெஸ்ட். இரண்டையும் சேர்த்துக் களைகிறவர்கள்தான் மொண்ணையாக்குகிறார்கள்.

'பிரெய்ட்' சறுக்குவதும் இந்த இடத்தில்தான். அதன் கதையில் பெரும்பகுதி ஒவ்வோர் உலகத்தின் வாசலிலும் புத்தகங்களாகக் கிடக்கிறது. படிக்காமல் ஓடித் தாண்டிவிடலாம், ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. கடைசிக் கட்டத்தில் காலம் திரும்பும்போது மட்டும், இளவரசியை நாம் காப்பாற்றினோமா துரத்தினோமா என்பதே தலைகீழாகிறது. அங்கே உரைநடை தேவைப்படவில்லை.

நம் வாசிப்புக் கூட்டங்களில் யாராவது "புரியல" என்றால், வாசகனுக்குப் பயிற்சி போதாது என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். சில சமயம் அது உண்மை. சில சமயம் நெம்புகோலை நாம்தான் திரையின் மூலையில் வைத்திருக்கிறோம். எழுதியவர் எழுந்து நின்று கதையை விளக்க ஆரம்பித்தால், அதுவும் ஒரு "மேல பாருடா" தான்.

நெம்புகோலை இடம் மாற்றவில்லை. பக்கத்தில் ஒரு விளக்கை மட்டும் வைத்தேன். சித்தி மகனை மறுபடி கூப்பிட முடியாது, அவனுக்கு விடை தெரியும். ஓர் ஆள் ஒரு தடவைதான் புதியவர். அவன் தங்கச்சியை உட்காரவைத்தேன். விளக்கை உடனே பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.