குடம் ஒதுக்கிய பாசி

மன அழுத்தத்தை வரையச் சொன்னால் மாணவிகள் சிவப்பையோ கறுப்பையோ எடுக்கிறார்கள். கொட்டாம்பட்டிப் பெண் ஒருத்தி மட்டும் ஊருணிப் பாசியைத் தீட்டினாள். பிரிவின் அழுத்தம் தோலில் நிறமாக ஏறுவதே பசலை. குறுந்தொகை 399இல் பரணர் அதைப் பாசியாகத்தான் பார்க்கிறார். தொட்டால் விலகும், விட்டால் மூடும். அழகான உவமைதான். ஆனால் விலக்கும் கை காதலனுடையது.

27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் காட்டுவது கன்றும் குடிக்காமல், கலத்திலும் சேராமல் மண்ணில் வழியும் பால். பசலை தின்னும் தன் மாமை அழகு தனக்கும் ஆகவில்லை, அவனுக்கும் உதவவில்லை என்கிறார். ‘தனக்கு’ முதலில் வருகிறது. இதைக் கவனிக்காமலே நானும் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் படத்தில் காதலன் கை இல்லை. அவளுடைய குடம்தான் பாசியை ஒதுக்கியிருந்தது. ஒதுங்கிய வட்டத்தில் தண்ணீர் கருகருவென்று.