126 என்ற கோட்டின் அருகே

நிலாவெளி வீதியில், திருகோணமலைப் பட்டணத்திலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது சாம்பல்தீவு. மாவட்டப் பொது வைத்தியசாலை இவ்வளவு கிட்ட இருக்க, விரலில் குத்திச் சீனி பார்க்கும் குளுக்கோமீட்டரை ஏன் நம்புவான் என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வுகூடத்து எண் எப்போதும் சரி என்பது அவர்கள் நினைப்பு. ஆனால் ரியூப்பில் எடுத்த இரத்தம் சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள கலங்கள் குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். புளோரைட் கலந்த ரியூப்கூட முதல் மணித்தியாலத்தில் இதை முழுதாகத் தடுப்பதில்லை. காலை எட்டு மணிக்குச் சாதாரண ரியூப்பில் எடுத்த மாதிரி, வாகனம் கிடைத்துப் பதினொரு மணிக்கு இயந்திரத்தில் ஏறினால், டெசிலீற்றருக்கு 130 மில்லிகிராமாக இருந்தது 110 அளவுக்கு இறங்கியிருக்கலாம். தூரமும் ஒரு பிழைதான். விரல்முனைச் சோதனைக்கு அந்தப் பிழை இல்லை. ஆள் எழும்பிப் போகும் முன்னரே விடை வந்துவிடும். 2011 முதல் நாடெங்கும் தொடங்கப்பட்ட ஆரோக்கிய வாழ்வு மையங்கள் இந்தக் கருவியை நம்பி இயங்குவதில் நியாயம் இருக்கிறது.

சிக்கல் வேறிடத்தில். குளுக்கோமீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 என்ற தரநியமத்தின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவீடுகளில் நூற்றுக்கு 95 ஆவது 15 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்கிறது. 100க்குக் கீழே 15 மில்லிகிராமுக்குள். இன்சுலின் போடுபவர் மயங்கிக் கிடக்கும்போது கருவி 40 என்று காட்டினால், உண்மை 25 ஆனாலும் 55 ஆனாலும் செய்ய வேண்டியது ஒன்றே. 350 என்று காட்டினாலும் அப்படித்தான். அந்த ஆளை வீட்டுக்கு அனுப்ப முடியாது. வெறும் வயிற்றில் 126 என்ற, நீரிழிவைத் தீர்மானிக்கும் கோட்டருகே வரும்போதுதான் இதே பிழை ஒருவரின் தலைவிதியை மாற்றுகிறது. உண்மையில் 110 உள்ளவருக்கு நல்ல கருவியே 126 காட்டலாம். 140 உள்ளவருக்கு 119 காட்டலாம். முதலாமவர் இல்லாத வருத்தத்துக்குக் குளிசை விழுங்குவார். இரண்டாமவர் நிம்மதியாக வீடு போவார். அவரைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை.

இது கருவி ஒழுங்காக இருக்கும்போது நடப்பது. இரத்தத் துளியை வாங்கும் ஸ்ட்ரிப்பில் பூசியிருப்பது நொதியம். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. பெரும்பாலான குப்பிகளில் 30 பாகைக்கு மேல் வைக்காதே என்று அச்சிட்டிருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலையின் பகல் அதைத் தாண்டிப் போகும். மாரியில் மூடி சரியாகப் பூட்டாத குப்பிக்குள் ஈரம் ஏறும். மாம்பழம் தின்ற கையைக் கழுவாமல் நீட்டினால் எண் கூடும். விரலை அழுத்திப் பிழிந்தால் இழையநீர் கலந்து எண் மாறும். இரத்தசோகை உள்ளவரில் பல கருவிகள் இருப்பதைவிடக் கூட்டியே காட்டும். கர்ப்பிணிகளைச் சோதிக்கும்போது இதை மறக்கவே கூடாது.

தரக் காப்புக்கு வழக்கமான மருந்து கட்டுப்பாட்டுக் கரைசல். குளுக்கோசின் அளவு தெரிந்த திரவத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டு, எண் குறித்த எல்லைக்குள் விழுகிறதா என்று பார்ப்பார்கள். கெட்டுப்போன ஸ்ட்ரிப்பை அது நன்றாகவே காட்டிக்கொடுக்கும். மலிவானது, யாரும் செய்யலாம். ஆனால் அது இரத்தமல்ல. சோகையையும் கழுவாத விரலையும் பிழியும் கையையும் அதற்குத் தெரியாது. பதிவேட்டில் மாதம் முழுக்கச் சரி அடையாளம் விழுந்திருக்க, நோயாளிகளின் எண்கள் பிழையாக இருக்கலாம். வெளித் தரமதிப்பீட்டுக்கும் இதே நோய்: அனுப்பப்படும் செயற்கை மாதிரியை ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் ஒவ்வொரு விதமாக வாசிப்பதால், ஒரே வகைக் கருவிகளை மட்டுமே தமக்குள் ஒப்பிட முடிகிறது. ஆய்வுகூடத்துக்கென்று தைத்த சட்டையை இந்தச் சின்னக் கருவிக்குப் போட்டால் இப்படித்தான் தொங்கும். மருத்துவ ஆய்வுகூடங்களுக்கான தரநியமமான ஐ.எஸ்.ஓ. 15189, 2022இல் நோயாளியருகுச் சோதனையையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது நல்லதுதான், ஆனால் இதை அது தீர்த்துவிடாது.

இந்த நாட்டுக்குத் தரக் காப்பு புதிதல்ல. மலேரியாத் தடுப்பு இயக்கம், ஒருவர் பார்த்த இரத்தத் தகடுகளை இன்னொருவரைக் கொண்டு மறுபடி பார்ப்பித்தது. 2012 ஒக்டோபருக்குப் பின் உள்ளூர்த் தொற்று இல்லாமல், 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்ததில் அந்த ஒழுக்கத்துக்கும் பங்குண்டு. ஆனால் தகடு பெட்டியில் இருக்கும், நாளைக்கும் பார்க்கலாம். ஸ்ட்ரிப்பைக் குப்பையில் போட்ட பின் எண் மட்டுமே மிச்சம். மறுபடி பார்க்க ஒன்றுமில்லை.

ஆகவே ஒப்பீட்டை நோயாளிகள் ஊடாகவே செய்ய வேண்டும். 126இன் இருபுறமும் 15 சதவீதம், அதாவது 107க்கும் 145க்கும் இடையில் எண் வந்தவர்களை எப்படியும் நாளத்து இரத்தம் கொடுக்க அனுப்பத்தான் வேண்டும். அந்த ஆய்வுகூட விடையைக் கருவியின் பதிவேட்டிலும் பக்கத்தில் எழுதினால், தனிச் செலவில்லாமல் ஒப்பீடு வளரும். நாளும் வேளையும் வேறாவதால் ஒரு சோடி எண் எதையும் சொல்லாது. நாற்பது பேரில் முப்பது பேருக்குக் கருவி கூட்டிக் காட்டியிருந்தால், அது சொல்லும். இப்போதைய ஓட்டையும் இங்கேதான்: ஆய்வுகூட விடை நோயாளியின் கிளினிக் கொப்பியில் ஏறுகிறது, கொப்பி அவரோடு வீட்டுக்குப் போகிறது. அதைப் பார்த்துக் கருவிப் பதிவேட்டில் எழுதுவது தாதியின் வேலையா, ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரின் வேலையா என்பதைப் புதிய கருவி வாங்குவதற்கு முன் தீர்மானிக்கலாம்.