காதால் பார்க்க வேண்டிய வீணை

இசை விழா மண்டபங்களின் வாசலில் வீணைகளையும் தம்புராக்களையும் வரிசையாக வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் யாளி முகத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், கச்சேரிக்கு நேரமாகிவிட்டதென்று உள்ளே போய்விடுவார்கள். செய்தவர் பக்கத்திலேயே நிற்பார். அவரிடம், "கொஞ்சம் மீட்டிக் காட்டுங்கள்" என்று கேட்பவர் அபூர்வம். வாத்தியத்தைக் கண்ணால் எடைபோடும் இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

தஞ்சாவூர் வீணைக்கு மரம் பலாதான். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தனி மதிப்பு உண்டு. நன்றாக முற்றிய மரமாக இருக்க வேண்டும், ஈரம் போகக் காய வேண்டும். குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. மைசூர் வீணையில் கருங்காலி, ஈட்டி போன்ற கருமரங்களின் வேலைப்பாடு உண்டு. ஆந்திரத்தின் பொப்பிலி வீணைக்கும் தனிப் பெயர் உண்டு.

தஞ்சை வீணைக்கு 24 மெட்டு, ஏழு தந்தி. நான்கு தந்தி வாசிக்க, மூன்று தாளத்துக்கு. மெட்டுகளை இப்படி நிலையாக அமைத்தது 17-ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் என்பது மரபு. 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊரைச் சொல்லும். தரத்தைச் சொல்வது மேளம் கட்டும் கை, அதாவது மெட்டுகளை இடம் பார்த்துப் பதிக்கும் கை.

தேன்மெழுகில் கரிப்பொடி கலந்து இளக்கி, தண்டியின் இரு பக்கமும் கரை கட்டுவார்கள். அந்த மெழுகின் மேல் மெட்டை வைத்து, தந்தியை அழுத்தி மீட்டிக் கேட்டு, இம்மி இம்மியாக நகர்த்துவார்கள். ஒரு மெட்டு நூலிழை விலகினாலும் அந்த ஸ்வரம் பேசாது. ஒரு தந்தியில் சரியாக நின்ற மெட்டு அடுத்த தந்தியில் பிசகக் கூடும். நான்குக்கும் சேர்த்துத்தான் இடம் பார்க்க வேண்டும். மெழுகு நாளடைவில் இளகும், இறுகும். மறுபடியும் மேளம் கட்டியாக வேண்டும். அளவுகோல் உதவும், ஆனால் கடைசித் தீர்ப்பு காதுடையது. வீணை தனம்மாள், காரைக்குடி சகோதரர்கள், மைசூர் சேஷண்ணா ஆகியோர் வாசிப்பில் பேசிய நுட்பமெல்லாம் இந்த மெழுகின் மேல்தான் நின்றது.

தம்புராவுக்கு மகாராஷ்டிரத்து மிரஜ். 19-ஆம் நூற்றாண்டில் வாள் செய்த சிகல்கர் குடும்பத்தார் அங்கே தந்தி வாத்தியத்துக்கு வந்தார்கள். பண்டரிபுரம் வட்டாரத்தில் விளையும் பெரிய சுரைக்காயைக் காயவைத்துக் குடமாக்குகிறார்கள். மிரஜில் வாழ்ந்த இந்துஸ்தானிப் பாடகர் அப்துல் கரீம் கானின் நினைவாக அங்குள்ள தர்காவில் ஆண்டுதோறும் இசை விழா நடக்கிறது. அவர் 1937-இல் காலமானது நம் செங்கல்பட்டுப் பக்கத்துச் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில். தம்புராவின் தரம் ஜீவாவில் தெரியும்: குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூல். அதைச் சற்றே நகர்த்தினால் மொட்டையாக இருந்த நாதம் மலர்ந்து நீளும். மின்னணுத் தம்புரா வந்த பிறகு இந்த நூலை வைக்கத் தெரிந்த பாடகர்களே குறைந்துபோனார்கள்.

யாளியின் பல்லும் குடத்துப் பூவேலையும் அழகுதான். அதற்கும் கூலி உண்டு, கொடுக்க வேண்டும். ஆனால் விலை அதிகமான வீணை நல்ல வீணை என்று எண்ணுவது தவறு. அலங்காரத்துக்குப் பணம் தருபவர்கள் மேளம் கட்டுபவரிடம் பேரம் பேசுவது அதைவிடத் தவறு.

சபாக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாத்தியம் செய்கிறவர்களைச் சிற்றுண்டிக் கடைக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். சத்தமில்லாத ஓர் அறை கொடுங்கள். ஒரு வித்வானை வரவழைத்து அங்குள்ள வீணைகளை வாசிக்கச் சொல்லுங்கள். செய்தவர் பெயரை நிகழ்ச்சி நிரலில் அச்சிடுங்கள். வாங்க வருகிறவர்கள் முதல் மெட்டிலிருந்து 24-ஆவது மெட்டு வரை ஒவ்வொரு தந்தியிலும் வாசித்துக் கேளுங்கள், வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்து வாருங்கள்.