எந்தத் தெருவுக்கு நற்செய்தி?

மிஷனரிக் கூட்டங்களில் சாதிப் பெயர் இப்போது கூச்சமில்லாமல் ஒலிக்கிறது. கன்வென்ஷன் பந்தலுக்கு வெளியே ஸ்டால் போட்டு ஜெப அட்டை கொடுக்கிறார்கள். அட்டையில் ஒரு முகம். அதன் கீழே சாதியின் பெயர், மக்கள்தொகை, பேசும் மொழி, அவர்களில் கிறிஸ்தவர் எத்தனை சதவீதம் என்ற விவரம். இருளர், குருமன்ஸ், மலைவாழ் மலையாளி, வன்னியர், லம்பாடி என்று தருமபுரி மாவட்டத்தையே இப்படி அட்டை அட்டையாகப் பிரித்து அடுக்கிவிடலாம். குறை சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: சாதி ஒழியும்வரை சுவிசேஷம் காத்திருக்க முடியுமா, அவரவர் தம் சனத்தோடு வரட்டும், உள்ளே வந்தபின் ஆவியானவர் பார்த்துக்கொள்வார். இந்தப் பதில் தவறு என்பதுதான் என் வழக்கு.

இந்த முறையால் நன்மையே விளையவில்லை என்று சொல்ல வரவில்லை. நகரத்துச் சபைகள் மறந்துபோன மலைகளுக்கு ஆளை ஏற்றியது, எந்தச் சனமும் விடுபடக்கூடாது என்ற இதே உணர்வுதான். நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு தன் முதல் மிஷனரியை 1967இல் அனுப்பியது வடநாட்டுக்கு அல்ல. அன்றைய தருமபுரி மாவட்டத்துப் பெரியமலைக்கு. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காணிக்கையால் தாங்கிய ஊழியம் அது. அந்த உழைப்புக்கு முன் தலைவணங்குகிறேன்.

ஆனால் உணர்வு வேறு, அதற்கு வந்து சேர்ந்த கோட்பாடு வேறு. அந்தக் கோட்பாட்டைத் தந்த மிஷனரி டொனால்ட் மெக்கவ்ரன் இந்தியாவில், தாமோவில் பிறந்தவர். மத்திய இந்தியாவில் மக்கள் குடும்பம் குடும்பமாக, சாதி சாதியாகச் சபைக்குள் வந்ததைப் பார்த்து 1955இல் ஒரு நூல் எழுதினார். இனத் தடையோ மொழித் தடையோ வகுப்புத் தடையோ தாண்டாமல் கிறிஸ்தவராவதையே மக்கள் விரும்புகிறார்கள் என்பது அவர் பின்னர் வலியுறுத்திய கருத்து. நடந்ததைச் சொன்ன அளவில் அது சரி. திருநெல்வேலி நாடார்களும் ஆந்திரத்து மாலர், மாதிகரும் அப்படித்தான் வந்தார்கள். பிழை அடுத்த அடியில் இருக்கிறது. மக்கள் விரும்புவது இது, ஆகவே நம் ஊழியமும் இப்படியே அமையட்டும் என்றார்கள். 1974இல் லோசானில் நடந்த உலக சுவிசேஷ மாநாட்டில் மிஷன் அறிஞர் ரால்ஃப் வின்டர் பேசியபின், உலகத்தை நாடுகளாகப் பார்த்த மிஷன் அதை மக்கள் குழுக்களாகப் பார்க்கத் தொடங்கியது. இன்று ஜோஷுவா ப்ராஜெக்ட் பட்டியலில் ஒரு குழு எட்டப்படாததாகக் கருதப்பட அளவுகோல் உண்டு: சுவிசேஷ விசுவாசிகள் 2 சதவீதத்துக்கு மேலும், கிறிஸ்தவர் மொத்தமாக 5 சதவீதத்துக்கு மேலும் இருக்கக்கூடாது. இந்தியாவில் அந்தக் குழு என்பது பெரும்பாலும் சாதி.

பட்டியலில் வன்னியருக்கு ஒரு வரி, ஆதிதிராவிடருக்கு ஒரு வரி. இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று கேட்க அதில் ஒரு கட்டமும் இல்லை. தருமபுரியில் நடப்பதெல்லாம் அந்த நடுவில்தான். 2012 நவம்பர் 7 அன்று, ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி, நாய்க்கன்கொட்டாய் பக்கத்து நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளை வன்னியர் கும்பல் கொளுத்தியது. 250க்கும் மேற்பட்ட வீடுகள் நாசமாயின. அன்று அந்த மாவட்டத்தில் மனந்திரும்ப வேண்டியவர் யார்? வீடு எரிந்தவரா, தீ வைத்தவரா? பட்டியல் சொல்லும் கணக்குப்படி இருவரும் ஒன்றே. இருவருமே இன்னும் கேள்விப்படாதவர்கள், தனித்தனியே போய்ச் சொன்னால் போதும். வன்னியரிடம் போகிற ஊழியர் காலனியைப் பற்றிப் பேசவேண்டியதில்லை. பேசினால் வரவேற்பு கெடும் என்று பயிற்சியிலேயே எச்சரிப்பார்கள்.

தனித்தனியே சொல்லி முடித்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கவேண்டியதில்லை. விழுப்புரம் பக்கம் எறையூர் இருக்கிறது. அங்கே வன்னியரும் கத்தோலிக்கர், தலித்துகளும் கத்தோலிக்கர். ஞானஸ்நானம், பூசை, திருவிழா எல்லாம் தலைமுறை தலைமுறையாக உண்டு. பட்டியலின் கணக்கில் இரண்டு வரிகளும் நிறைந்துவிட்ட ஊர். அதே ஊரில் கோயிலுக்குள்ளும் சாவு ஊர்வலம் போகும் வழியிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று தலித்துகள் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறிஸ்தவர்கள் தலித் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். செத்த இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்களே. உள்ளே வந்தபின் ஆவியானவர் பார்த்துக்கொள்வார் என்கிறவர்கள் எறையூருக்கு எத்தனை தலைமுறை அவகாசம் கேட்கிறார்கள்?

இது புதிய சண்டையும் அல்ல. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு நொபிலி உயர்சாதியாருக்குச் சந்நியாசியாகத் தோன்றினார். பிற்பாடு ஒடுக்கப்பட்டோருக்கென்று பண்டாரசாமிகள் என்ற குருக்களைத் தனியே ஏற்படுத்தினார்கள். இரண்டு தெருவுக்கும் நற்செய்தி போனது. தெருக்கள் அப்படியே இருந்தன. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று கண்டிப்பாக எழுதியபோது தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்களுடைய பெருங்கவிஞர் வேதநாயக சாஸ்திரியே சாதி வழக்கத்தின் பக்கம் நின்றவர். வில்சன் தோற்றார் என்பார்கள். எண்ணிக்கையில் தோற்றார், உண்மைதான். அந்த எண்ணிக்கையின் வாரிசுகள் நாம். சபைப் பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள்: இரட்சிக்கப்பட்ட, ஜெப வாழ்க்கையுள்ள, அதே சாதிப் பெண். மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பதும் அந்த எல்லைக்குள்தான்.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகினார். பவுல் அதை உபசார விஷயமாக விட்டுவிடவில்லை. எல்லார் முன்னிலும் முகத்துக்கு நேரே எதிர்த்தார், நற்செய்தியின் சத்தியமே அங்கே தடம் புரள்கிறது என்பதற்காக. தடை தாண்டாமல் வருவதே மக்களுக்கு எளிது என்று பேதுருவும் வாதாடியிருக்கலாம். சகேயு வீட்டுக்குப் போன இயேசுவும் வரிவசூலிப்போர் என்ற குழுவை எட்டப் போகவில்லை. பிடுங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கும் நிலைக்கு ஒருவனைக் கொண்டுவந்தார்.

ஆகவே தருமபுரியில் எட்டப்படவேண்டியவர் யார் என்றால், முதலில் சாதிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். அவர் ஊர்த்தெருவில் நிலம் வைத்திருக்கிறவராக இருக்கலாம். மலைக்கு மிஷனரியைத் தாங்கிக்கொண்டு, மகளுக்குச் சாதிக்குள் வரன் தேடும் நம் மூப்பராகவும் இருக்கலாம். சித்தேரி மலையாளியையும் நத்தம் காலனிக்காரரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்களிடம் போகத் துணிவு பெரிதாக வேண்டியதில்லை என்பதால் அங்கேயே போய்க்கொண்டிருக்கிறோம் என்கிறேன்.

ஊர்த்தெருவில் சாதியைத் தொட்டுப் பேசினால் அடி விழும், கதவு அடைபடும், இருக்கிற நாலு குடும்பமும் போய்விடும் என்பார்கள். நடக்கக்கூடியதுதான். ஆனால் விலை இப்போதும் கொடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையால் கிறிஸ்தவராகும் ஆதிதிராவிடர் எஸ்.சி. சான்றிதழை இழந்து பி.சி. பட்டியலுக்குப் போகிறார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவரோடு வருவதில்லை. நாளைக்கே அவர் வீடு எரிந்தால் அந்தச் சட்டத்தில் புகார் கொடுக்க முடியாது. இவ்வளவையும் இழந்து சபைக்குள் வருகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்குக்கூட இழக்கச் சொல்லாமல்தான், ஊர்த்தெருக்காரரை நாம் விசுவாசியாக எண்ணிக் கணக்கில் சேர்க்கிறோம்.