அகவிலை எண்: ஒரு மறுவாசிப்பு

கதையையும் கவிதையையும் திறனாய்வு செய்வதே இத்தகைய பக்கங்களின் வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொள்வது ஓர் எண்ணை. மாதந்தோறும் 12ஆம் நாளையொட்டி நடுவண் புள்ளியியல் அமைச்சகம் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணையே குறிப்பிடுகிறோம். அதுவும் ஒரு பனுவல்தான். அதற்கும் ஆசிரியர் உண்டு, அமைப்பு உண்டு, சொல்லாமல் விட்ட பகுதிகளும் உண்டு. குருமடத்தில் மறைநூல் ஆய்வு பயின்றபோது நமக்கு முதலில் கற்பிக்கப்பட்ட வினாக்கள் மூன்று: எழுதியவர் யார்? யாரை மனத்தில் கொண்டு எழுதினார்? எதை எழுதாது விட்டார்? அவ்வினாக்களை இந்த எண்ணிடமும் கேட்கலாம் அல்லவா?

2025 அக்டோபர் மாதத்துக்கான பணவீக்கம் 0.25 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் அதுவே மிகக் குறைந்த அளவு. உணவுப் பொருள்களின் விலையோ முந்தைய ஆண்டைவிட 5 விழுக்காடு இறங்கியிருந்தது. நாளேடுகள் மகிழ்ந்தன. அதே மாதத்தில் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் பணவீக்கம் 8 விழுக்காட்டைத் தாண்டி நின்றது. அங்கே உயர்ந்தவற்றுள் முதன்மையானது தேங்காய் எண்ணெய். மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கும் நம் கடற்கரைக்கு அச்செய்தி அயலாருடைய செய்தி அன்று. பீகாரும் உத்தரப்பிரதேசமும் அம்மாதம் சுழியத்துக்குக் கீழே இருந்தன. இவற்றையெல்லாம் கூட்டிச் சராசரி கண்டு கிடைத்ததே 0.25. எந்த வீட்டு அடுப்பிலும் வேகாத சோறு அது.

முதலில் இதன் சிறப்பைச் சொல்லிவிடுவது நேர்மை. 2012 வரிசைக்காக 1,181 ஊர்ப்புறங்களிலும் 310 நகரங்களிலும் மாதந்தோறும் விலை கேட்டு எழுதப்பட்டது. வெயிலில் சந்தை சுற்றி, கத்தரிக்காய்க்கும் கடுகுக்கும் விலை விசாரித்த எளிய பணியாளரின் உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறியபோது, பணவீக்கம் 7.44 விழுக்காடு என்பதை ஒளிக்காமல் சொன்னதும் இதே எண்தான். அம்மாதம் தமிழக அரசு நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க நேர்ந்தது. இப்படியோர் எண் இல்லையெனில் ஆள்வோர் எதையும் சொல்லித் தப்பிக்கலாம். ஆகவே நாம் குறை காண்பது உழைத்தவரிடம் அன்று. கூடையைக் கட்டிய முறையில்.

ஆத்தூரிலிருந்து பார்த்தால் அக்கூடையின் முதல் விந்தை உடனே கண்ணில் படும். தாமிரபரணியின் கடைமடையில், அகத்தியில் கொடி ஏற்றி, கொடிக்கால்களில் விளையும் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருமண நிச்சயத்திலிருந்து துக்க வீட்டுத் தட்டு வரை அது இல்லாமல் நம் ஊர்களில் காரியம் இல்லை. குறியீட்டெண்ணில் அந்த வெற்றிலையின் இடம் எது தெரியுமா? 'பான், புகையிலை, போதைப் பொருள்கள்' என்னும் தொகுதி! 2012 வரிசையில் மொத்தத்தில் அதன் பங்கு 2.38 விழுக்காடாக இருந்தது. தாம்பூலமும் சாராயமும் ஒரே பந்தியில் அமர்த்தப்பட்டிருப்பதைக் கண்டு சிரிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் இதற்குள் சிரிக்கவியலாத ஒன்றும் உண்டு. வெற்றிலை விலை இறங்கினால் குறியீட்டெண் அதை நற்செய்தியாக எழுதிக்கொள்ளும். கொடிக்காலில் இலை கிள்ளுபவருக்கோ அது கூலியின் இறக்கம். வாங்குபவர் என்ற ஒரே முகத்தை மட்டும் இப்பனுவல் மனிதருக்குத் தருகிறது. விற்றால்தான் வாங்க முடியும் என்ற நிலையில் வாழ்பவர் இதில் கதைமாந்தராக வரவே இல்லை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடைமடைத் தோட்டங்கள் நீரில் மூழ்கின. தூத்துக்குடியில் சேர்த்து வைத்திருந்த உப்பு கரைந்தது. விற்பதற்குக் கையில் ஏதுமில்லாதவருக்கு எந்த விலையும் உயர்ந்த விலைதான்.

யாரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்ற வினாவுக்கு வருவோம். இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் கூடையில் எவ்வளவு இடம் என்பதைக் குடும்பச் செலவு ஆய்வின் மூலம் முடிவு செய்கிறார்கள். நாட்டின் எல்லாக் குடும்பங்களும் செலவிட்ட மொத்தப் பணத்தில் அரிசிக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு, பள்ளிக் கட்டணத்துக்கு இவ்வளவு என்பதே கணக்கு. மாதம் இலட்சம் ரூபாய் செலவிடும் குடும்பமும் பத்தாயிரம் செலவிடும் குடும்பமும் இதில் சமம் ஆகா. முன்னதன் விருப்பம் பத்து மடங்கு ஒலிக்கும். மக்களாட்சியில் ஆளுக்கு ஒரு வாக்கு. இங்கே ரூபாய்க்கு ஒரு வாக்கு! 2022-23ஆம் ஆண்டுச் செலவு ஆய்வின்படி, ஊர்ப்புறத்தில் செலவில் உணவின் பங்கு 46 விழுக்காடு. 1999-2000இல் அது 59 ஆக இருந்தது. இது முன்னேற்றத்தின் அடையாளம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சராசரி இறங்கும்போது எல்லாரும் சேர்ந்து இறங்குவதில்லை. வருவாயில் பாதிக்கு மேல் அடுப்புக்கே கொடுக்கும் வீடுகள் நம் பங்குகளில் எத்தனை என்பதை, வீடு சந்திக்கச் செல்லும் எந்தக் குருவும் எந்த அருட்சகோதரியும் அறிவர்.

அவ்வீடுகள் வாங்கும் முறையே வேறு. மாதச் சாமானுக்குப் பட்டியல் எழுதுவோர் வேறு. அன்றன்று கூலியில் ஐந்து ரூபாய்க்குத் தேயிலைத்தூளும் ஒரு சிறு உறை சீயக்காயும் வாங்குவோர் வேறு. பொட்டலம் சிறிதானால் கிராமுக்கு விலை கூடுவதே பெரும்பாலும் வழக்கம். ஐந்து ரூபாய் பிஸ்கட் பல்லாண்டாக ஐந்து ரூபாய்தான். உள்ளே இருக்கும் எடைதான் மெலிகிறது. புள்ளியியலார் இதைக் கணக்கில் கொள்ள முயல்வதுண்டு என்றாலும், குழந்தையின் கையில் உள்ள பொட்டலத்துக்கு அந்தத் திருத்தம் எட்டுவதில்லை. விலையை மறைப்பதற்கு அளவைச் சுருக்கிய வணிகரைக் கண்டித்த இறைவாக்கினர் ஆமோஸ் இன்று வந்தால் எந்தக் கடை முன் நிற்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

இனி எழுதாமல் விட்டது. கடைக்காரரின் பற்று நோட்டை இந்த எண்ணுக்கு அருகில் வைத்து வாசித்தால் அது புலப்படும். அந்த நோட்டில் பொருளுக்கு எதிரே விலை, விலைக்கு எதிரே பாக்கி. பாக்கியைத் தீர்க்க மகளிர் குழுக் கடன், அதைத் தீர்க்க நகை அடகு, அதை மீட்கக் கைமாற்று என்று அது நீளும். ஏழை வீட்டில் மிகக் கனத்த விலை பணத்தின் விலை, அதாவது வட்டி. அது குறியீட்டெண்ணின் கூடைக்குள் இல்லை; கடன் வட்டி நுகர்வுச் செலவு அன்று என்பது அவர்கள் இலக்கணம். இலக்கணம் சரியாகவே இருக்கட்டும். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் கந்துவட்டித் துயரால் தீக்குளித்து மாண்டது. மிகை வட்டியைத் தடை செய்யும் சட்டம் தமிழகத்தில் 2003 முதலே இருந்தது. கடன் வசூலில் வன்முறையைத் தடுக்க இன்னொரு சட்டம் 2025இல் வந்தது. இத்தனை சட்டம் தேவைப்பட்ட ஒரு செலவு, வாழ்க்கைச் செலவைச் சொல்லும் எண்ணில் ஒரு வரியும் பெறவில்லை.

ஒரு நாவலை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடிக்கு வந்து உப்பளத் தொழிலாளரின் வாழ்வை நேரில் கண்டு எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979இல் வெளிவந்தது. கலை நோக்கில் அதில் குறை சொல்வோர் உண்டு. செய்தி மிகுந்து கதை மெலிகிறது என்பர். அந்தக் குறையில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆயினும் கூலி, கடன், சோறு மூன்றையும் பிரிக்காமல் சொல்லும் நேர்மை அந்நாவலுக்கு உண்டு. குறியீட்டெண் பிரித்துவிடுகிறது. விலை ஓர் ஏட்டில், கூலி வேறோர் ஏட்டில். இன்றும் மழை மாதங்களில் உப்பளம் மூடிக் கிடக்கும். அக்காலத்துக்கென அரசு அறிவித்த நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். அந்த மூன்று மாதங்களில் பணவீக்கம் சுழியமே ஆனாலும் அவ்வீட்டுக்கு என்ன பயன்?

சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. அரசு ஊழியர் பெறும் படியை நம் முன்னோர் 'பஞ்சப்படி' என்றனர். இன்று 'அகவிலைப்படி' என்கிறோம். அகவிலை என்பது தானிய விலை. சோற்றின் விலையே வாழ்வின் விலை என்று தமிழ் அன்றே முடிவு செய்துவிட்டது போலும்! அரசு ஊழியரின் படி தொழிலாளர்க்கான குறியீட்டெண்ணோடு சேர்ந்து உயர்கிறது. குறைந்தபட்ச ஊதியம் பெறும் பல தொழில்களுக்கோ, தமிழகத்தில் சென்னை நகரக் குறியீட்டெண்ணே அளவுகோல். முத்துக்குளித்துறைக் கரையில் உழைப்பவரின் படி, சென்னைச் சந்தையைப் பார்த்து ஏறி இறங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் இக்கரையில் மீன் விலை ஏறினாலும், அதற்கென அப்படியில் இடமில்லை. கொடிக்காலிலும் கரையிலும் அன்றாடக் கூலிக்கு நிற்போருக்கு எந்த எண்ணும் படி தருவதில்லை.

2024ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை 2026 பிப்ரவரியில் வெளிவந்தது. ஊர்ப்புற வீட்டு வாடகைக்கு முன்பு கூடையில் இடமில்லை, இப்போது சேர்த்திருக்கிறார்கள். இது வரவேற்கத்தக்க திருத்தம். உணவின் பங்கோ 45.86இலிருந்து 37 விழுக்காட்டுக்கு அருகில் இறக்கப்பட்டிருக்கிறது. இனி அரிசியும் மீனும் விலை ஏறினால் எண் முன்போல் துள்ளாது. அடுத்த தக்காளிப் பஞ்சத்தில் நாளேடுகள் சற்று அமைதியாக இருக்கக்கூடும். பற்று நோட்டு எப்படி இருக்கும் என்பதைக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.