அடைப்புக்குறிக்குள் தென்காசி

தமிழ் இதழ்களின் சினிமா கேள்வி-பதில் பகுதியில் ஒவ்வொரு கேள்வியும் முடியும் இடத்தில் கேட்டவர் பெயரும் ஊரும் அடைப்புக்குறிக்குள் வரும். தென்காசி, குற்றாலம், கடையநல்லூர், செங்கோட்டை, சுரண்டை என்று மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்கள் அந்த வழியில் அச்சேறின. தினத்தந்தியில் ‘குருவியாரே’ என்று விளித்துத் தொடங்கும் கேள்விகள், குமுதத்தில் ‘அரசு’, ராணியில் ‘அல்லி’, கல்கண்டில் தமிழ்வாணன் என்று பதில் சொன்னவர்கள் பலர். இவர்களில் சிலரிடம் உலகத்து விஷயம் எதையும் கேட்கலாம். ஆனால் யாரிடம் கேட்டாலும் சினிமா வந்து நுழைந்துகொள்ளும்.

இதை வெறும் அரட்டை என்று தள்ளிவிடுவது நம் விமர்சகர்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. விமர்சனக் கட்டுரை எழுதியவர்களின் பெயர் நமக்குத் தெரியும். தரை டிக்கெட்டில் உட்கார்ந்து படம் பார்த்தவர் வீட்டுக்கு எந்தச் சந்தேகத்தோடு போனார் என்பது வேறெங்கே பதிவாகியிருக்கிறது? ஓர் அஞ்சலட்டை வாங்கக் காசும் நாலு வரி எழுதப் படிப்பும் இருந்தால் போதும், சென்னையிலிருந்து அச்சில் பதில் வரும். ஊர் டீக்கடையில் அந்தப் பக்கத்தைப் பத்துப் பேர் படிப்பார்கள். இந்த மதிப்பை ஒப்புக்கொண்டால்தான் இதன் குறைகளை நேர்மையாக எடைபோட முடியும்.

‘படம் எப்போது வரும்?’ என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். இன்று அது பொறுமையில்லாதவர் கேள்வி போலத் தெரியலாம். படச்சுருள் காலத்தில் அப்படியில்லை. தமிழ்நாட்டின் திரைப்பட விநியோகம் ஏரியா ஏரியாவாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தென்காசி, திருநெல்வேலி-கன்னியாகுமரி ஏரியாவைச் சேர்ந்தது. பிரதிகள் குறைவு. புதுப்படம் முதலில் பெரிய ஊர்களில் ஓடும். அங்கே கூட்டம் குறைந்த பிறகுதான் படப்பெட்டி அடுத்த நிலை ஊருக்கு நகரும். டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேரும்போது சுருளில் கோடு கோடாக மழை பெய்யும், பாட்டு ஒன்று வெட்டுப்பட்டிருக்கும். பாளையங்கோட்டைக்காரர் பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் படத்துக்கு, ஆய்க்குடிக்காரர் பல வாரம் காத்திருந்தார். அந்த இடைவெளியை அவர் கேள்விகளால் நிரப்பினார். ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று வியாபாரம் அவரை மூன்றாம் இடத்தில் வைத்தது. கேள்வி-பதில் பகுதியில் அவருக்கும் மயிலாப்பூர்க்காரருக்கும் ஒரே எழுத்தளவு, ஒரே வரிசை.

பதில் சொன்னவர்களின் திறமையையும் குறைத்துப் பேச முடியாது. இரண்டு வரிக்குள் தகவலும் இருக்க வேண்டும், சிரிப்பும் வர வேண்டும், யார் மனமும் புண்படக் கூடாது. எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். கணினி இல்லாத காலத்தில், இந்தப் படத்தின் இசையமைப்பாளர் யார், அந்த நடிகையின் முதல் படம் எது என்று கேட்டால் எடுத்துப் பார்க்கக்கூட ஒழுங்கான ஏடு இல்லை. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் போன்ற ஒருவர், 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு மக்கள் தொடர்பாளராக வேலை பார்த்ததோடு நிற்காமல், நோட்டீஸும் புகைப்படமும் பட்டியலுமாக வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்ததால்தான் தமிழ்த் திரையின் தகவல்கள் பெருமளவு தப்பின. அவருடைய ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ 2004இல்தான் நூலாக வந்தது. அதுவரை இந்தத் துறையின் நினைவு சில தனிமனிதர்களின் அலமாரியிலும் சில பதிலாளர்களின் மண்டையிலும் இருந்தது.

ஆனால் கேள்வியின் ஆர்வத்தை எந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்று பார்த்தால் மனம் கசக்கிறது. நடிகையின் வயது, நடிகையின் திருமணம், நடிகரின் சம்பளம், யாருக்கும் யாருக்கும் சண்டை என்பவை வாரந்தோறும் திரும்பத் திரும்ப வந்தன. ‘வாசகர் கேட்கிறார், நாங்கள் சொல்கிறோம்’ என்ற சமாதானம் போதாது. வந்து குவியும் அட்டைகளில் எதை அச்சிடுவது என்று தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர். அச்சில் வந்ததைப் பார்த்துத்தான் அடுத்த வாசகர் தன் கேள்வியை அமைத்துக்கொள்கிறார். ஒளிப்பதிவு பற்றி ஒரு கேள்வி வெளியாகியிருந்தால் அடுத்த வாரம் ஒளிப்பதிவு பற்றி மூன்று வந்திருக்கும்.

அமெரிக்காவில் 1911இல் தொடங்கிய ‘மோஷன் பிக்சர் ஸ்டோரி மேகசின்’ இதழிலும் இப்படி ஒரு பகுதி இருந்தது. பதில் சொன்னவர் ‘ஆன்சர் மேன்’. படத்தில் நடித்தவர்களின் பெயரைத் திரையில் போடாத கம்பெனிகள் இருந்த காலம் அது. ‘அந்தப் படத்தில் வந்த பெண் யார்?’ என்பதே ரசிகர்களின் முதல் கேள்வி. பெயர் தெரியாத கலைஞருக்குப் பெயர் வாங்கித் தந்த வேலை என்று அதைச் சொல்லலாம். அந்தப் பகுதி தன் தொடக்க ஆண்டுகளில், நடிகர்களின் திருமணம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் கிடையாது என்று முன்னறிவிப்பே போட்டிருந்தது. நாளடைவில் ஹாலிவுட் பத்திரிகைகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது வேறு கதை. ஆனாலும் எல்லை வகுத்தபடி ஒரு கேள்வி-பதில் பகுதியை நடத்த முடிந்திருக்கிறது. பம்பாயில் 1935இல் ‘ஃபிலிம் இந்தியா’வைத் தொடங்கிய பாபுராவ் படேல் நேர் எதிர். வாசகர் கடிதங்களுக்கு அவர் எழுதிய காரசாரமான பதில்களுக்காகவே இதழ் விற்றது. கேள்வியைவிடப் பதிலாளர் பெரியவராகிவிட்ட கதை அது.

அந்தரங்கத்தின் மேல் வாசகருக்கு இருந்த பசியை ஊட்டி வளர்த்தால் அது எதுவரை போகும் என்று தமிழ் சினிமா தன் உடம்பிலேயே அனுபவித்திருக்கிறது. ‘சினிமா தூது’, ‘இந்துநேசன்’ நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொல்லப்பட்டதும், அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறையில் கிடந்து 1947இல்தான் விடுதலையானதும் எல்லோரும் அறிந்தவை. பின்னால் வந்த கேள்வி-பதில் பகுதிகள் அந்த மஞ்சள் பத்திரிகைகளைவிடப் பல மடங்கு கண்ணியமானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ‘அந்த மூன்றெழுத்து நடிகை’ என்ற சாடைப் பேச்சு அங்கிருந்துதான் இங்கே குடிவந்தது.

சம்பளக் கேள்வியை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா எந்தப் படத்தில் நடித்தார் என்று இந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் கேட்டால், ‘எதிலும் நடிக்கவில்லை’ என்பதோடு பதிலை முடித்துவிடலாம். ஆனால் 1931இல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கி இரண்டே ஆண்டில், 1933இல் அவர் இறந்துபோனார். மேடையிலும் இசைத்தட்டிலும் மட்டும் எஞ்சிய அந்தக் குரலின் துணைவியான கே.பி. சுந்தராம்பாள், 1935இல் ‘நந்தனார்’ ஆக, ஓர் ஆண் வேடத்தில், ஒரு லட்ச ரூபாய் சம்பளத்துக்குத் திரைக்கு வந்தார். அந்த ஒரு லட்சத்தில் நாடக மேடையின் செல்வாக்கும், திரைமுதலாளிகளின் தவிப்பும், துக்கத்தில் ஒதுங்கியிருந்த ஒரு பெண் தன் கலைக்கு வைத்த விலையும் சேர்ந்திருக்கின்றன. தொகையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது வம்பு. இன்னும் இரண்டு வரி எழுதினால் அது வரலாறு. இந்த இரண்டு வரிக்குத்தான் நம் பதிலாளர்கள் பெரும்பாலும் இடம் ஒதுக்கவில்லை.

வரப்போகும் படங்களைப் பற்றிய பதில்களில் ‘விரைவில்’ என்ற சொல் செய்த சேதம் தனி. 1997 அக்டோபர் 16 அன்று சென்னையில் இங்கிலாந்து ராணி எலிசபெத் முன்னிலையில் ‘மருதநாயகம்’ தொடங்கியது. அந்தக் கதை தென்காசி வட்டாரத்துக்கு வேற்றூர்க் கதையில்லை. யூசுப்கானாகிய மருதநாயகம் படை நடத்திவந்து போரிட்ட பூலித்தேவரின் நெல்கட்டான்செவல் இன்று தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. தங்கள் மண்ணில் போர் நடத்தியவனைத் திரை எப்படிக் காட்டப்போகிறது, நாயகனாகவா எதிரியாகவா என்று கேட்க இந்த ஊர்க்காரர்களுக்கு உரிமை இருந்தது. படமோ முடியவேயில்லை. ‘மதகஜராஜா’ 2013 பொங்கலுக்கு வருவதாக இருந்து 2025 பொங்கலுக்குத்தான் வந்தது. ‘துருவ நட்சத்திரம்’ 2023 நவம்பர் 24 என்று நாள் குறித்தும் அன்று வரவில்லை. இவற்றின் பின்னால் கடன், வழக்கு, விநியோகஸ்தர் பாக்கி என்று ஒவ்வொரு காரணம் உண்டு. ஒரு படம் ஏன் பெட்டிக்குள் முடங்குகிறது என்று வாசகருக்கு விளக்கியிருந்தால் சினிமா ஒரு தொழிலாக எப்படி நடக்கிறது என்பதே அவருக்குப் புரிந்திருக்கும். ‘விரைவில் திரைக்கு வரும்’ என்பது தயாரிப்பாளரின் விளம்பர வாசகம். அதைப் பதிலாளர் தன் பதிலாகச் சொன்னபோது அவர் வாசகரின் பக்கத்தை விட்டு நகர்ந்துவிட்டார். சினிமா விளம்பரங்களால் பக்கம் நிறையும் பத்திரிகையில் அது நேர்வது இயல்பு. இயல்பு என்பதால் சரியாகிவிடாது.

புனைபெயரில் ஒளிந்து பதில் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அ என்றால் அண்ணாமலை, ர என்றால் ரங்கராஜன், சு என்றால் சுந்தரேசன் என்று ‘அரசு’க்கு விளக்கம் சொல்வார்கள். முகம் தெரியாதவரை நடிகர்களின் ஆட்கள் மிரட்ட முடியாது, படம் தோற்றதைத் தோற்றது என்று அவர் எழுதலாம். அது பெரிய வசதி. தவறாகச் சொன்னால் திருத்தம் கேட்க ஆள் இல்லை என்பது அதன் மறுபக்கம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படும் குறை ஒன்று உண்டு. இந்தப் பகுதிகள் தென்காசிக்காரரைக் கேட்பவராக மட்டுமே வைத்திருந்தன. அவருக்கும் ஏதாவது தெரிந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

‘ரோஜா’ 1992இல் வந்தது. கதாநாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம். தென்காசிக்குப் பக்கத்து ஊர், வயலும் குளமும் பாறையுமான ஊர். அந்தப் படத்தில் அவள் ஆடிப்பாடும் அருவி பாணதீர்த்தம் என்று சொல்லப்படுவதுண்டு. சொல்பவர்கள் பலர் கூடவே ‘குற்றாலத்தில் உள்ள பாணதீர்த்தம்’ என்றும் சேர்த்துவிடுகிறார்கள். பாணதீர்த்தம் இருப்பது பாபநாசத்துக்கு மேலே, காரையாறு அணைக்கு அப்பால், தாமிரபரணியின் மேல்போக்கில். பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி, புலியருவி, செண்பகாதேவி என்று குற்றாலத்து அருவிகளை விரல் மடக்கி எண்ணும் எந்தச் சிறுவனும் இந்தத் தவறைக் கேட்ட மாத்திரத்தில் திருத்துவான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. சென்னையில் சொல்லப்பட்டது அச்சானது, அச்சானது இணையத்துக்குப் போனது, இணையத்தில் இருப்பது இப்போது செயற்கை நுண்ணறிவின் வாயிலிருந்தும் வருகிறது.

அதே சுந்தரபாண்டியபுரத்தில் 2005இல் வந்த ‘அந்நியன்’ படத்தின் ஒரு பாட்டுக்காகப் பாறைகளில் முகங்களை வரைந்தார்கள், வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசினார்கள். கலை இயக்குநர் சாபு சிரில். ‘ஷூட்டிங் எங்கே நடந்தது?’ என்ற கேள்விக்கு ‘தென்காசி அருகே’ என்பது சரியான பதில்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வண்ணம் பூச எத்தனை ஆள் வேலை செய்தார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு என்ன கூலி, யார் வீட்டுச் சுவர், படப்பிடிப்புக் குழு போன பிறகு என்ன ஆயிற்று? அந்தப் பாறைக்கு ஊரே ‘அந்நியன் பாறை’ என்று பெயர் வைத்துவிட்டது. சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு அதைப் பார்க்க வண்டி பிடிக்கிறார்கள். சினிமா ஒரு நிலத்தின் பெயரையே மாற்றியிருக்கிறது. இதைப் பற்றி அறிந்தவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு அடைப்புக்குறிக்கு வெளியே இடம் தரப்படவில்லை.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி.யை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் சினிமாக் கேள்விக்குப் பதில் எழுதியவரில்லை, கம்பனைப் பேசியவர். ஆனால் கடிதம் வழியாக ஒருவருடைய ரசனையை எப்படி வளர்ப்பது என்று காட்டியவர். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, எந்தச் சொல்லில் அது உயிர் பெறுகிறது என்று எதிரே இருப்பவரைத் தனக்குச் சமமாக வைத்துப் பேசுவார். பின்னாளில் நூலாகத் தொகுக்கும் அளவுக்கு அந்தக் கடிதங்களுக்கு மதிப்பு வந்தது. ‘இந்தப் படம் எப்படி?’ என்று கேட்டவரிடம் ‘சுமார்’ என்று சொன்ன பதிலாளர், எந்தக் காட்சியில் படம் தளர்ந்தது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாமே என்று டி.கே.சி.யைப் படித்த கண்ணுக்குத் தோன்றத்தான் செய்யும்.

இப்போது தென்காசியிலும் சென்னையிலும் ஒரே நாளில் படம் வருகிறது. யூடியூபில் பத்திரிகையாளர்கள் நேயர் கேள்விகளுக்கு முகம் காட்டிப் பதில் சொல்கிறார்கள். அது நல்ல மாற்றம். சொன்னது பிழைத்தால் கீழேயே திருத்துகிறார்கள். ஷாருக் கான் போன்ற நட்சத்திரங்கள் எக்ஸ் தளத்தில் தாங்களே ரசிகருக்குப் பதில் எழுதுகிறார்கள். நடுவில் ஆசிரியர் இல்லாததால் சங்கடமான கேள்வியை நட்சத்திரமே தாண்டிப் போய்விடலாம். ஊர்ப் பெயரும் போய்விட்டது. கேட்பவர் யாரோ ஒரு முகமூடிப் பெயர். புளியங்குடியில் இருந்து கேட்கிறாரா, புனலூரில் இருந்தா என்று தெரியாது.

பழைய இதழ்கள் இன்னும் அழிந்துவிடவில்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சினிமா இதழ்களும் பாட்டுப் புத்தகங்களும் பாதுகாக்கப்படுகின்றன. பதில்களை விட்டுவிட்டு, கேள்விகளை மட்டும் ஊர்வாரியாகத் தொகுக்க ஓர் ஆய்வு மாணவர் முன்வந்தால் போதும். தென்காசியிலிருந்து வந்த கேள்விகள் பத்தாண்டுக்குப் பத்தாண்டு எப்படி மாறின, பெண்கள் பெயரில் எத்தனை வந்தன, 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டைக்காரர்கள் மலையாளப் படங்களைப் பற்றி எதைக் கேட்டார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அச்சுக்கு வராமல் குப்பைக்கூடைக்குப் போன அட்டைகளை மீட்க வழியில்லை. அச்சானவற்றையாவது, அவை கந்தலாகும் முன் எடுத்தாக வேண்டும்.